வயிற்றுக்கும் ஒரு கூறு

ஆள் இல்லாத கொட்டாய்க்கு விளக்கு வந்த கதை இது. ஆள் குடியிருக்கிற ஊருக்கு ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், கேட்டால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், வயிறு எரிந்தால் அது உங்கள் பாடு.

கொழிஞ்சிக்காட்டு மலையின் உச்சியில், ஊரிலிருந்து ஏறினால் நெஞ்சு காய்ந்து நாக்கு தொங்குகிற தூரத்தில், வேட்டைக் கொட்டாய் என்று ஒன்று இருக்கிறது. கருங்கல் சுவர், நாட்டு ஓடு, இரண்டு அறை, ஒரு முன்கூடம், முன்னால் சப்பட்டையாக ஒரு பாறை. அந்தக் காலத்தில் கீழ்நாட்டு ஜமீன்தார்கள் அங்கே புலி சுட வருவார்கள். ஊர்க்காரர்கள் தப்பட்டை அடித்துப் புலியை விரட்டிக் கொண்டுவந்து பரணுக்கு நேராக விட, அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து சுட்டுவிட்டு, செத்த புலிமேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அவர்கள் போனதும் கொட்டாய் ஊருக்குத் திரும்பிவிடும். பொங்கல் கழிந்ததும் ஊர் ஆண்கள் வலையும் நாயுமாக மலையேறி, அகப்பட்ட முயலையோ பன்றியையோ அந்தச் சப்பட்டைப் பாறையில் போட்டுப் பங்கு பிரிப்பார்கள், பெண்டு பிள்ளைகள் கூறு வாங்க ஏறி வருவார்கள். பாறைக்குப் பேரே கூறுப்பாறை.

கூறுக்கு வழக்கம் உண்டு, அதை யாரும் மீறியதில்லை. மலையேறின காலுக்கு ஒரு கூறு, வலைக்கு ஒரு கூறு, நாய்க்கு ஒரு கூறு, கொட்டாய்க்கு ஒரு கூறு. வயிற்றில் பிள்ளை இருந்தால் அந்த வயிற்றுக்கும் ஒரு கூறு. அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, தரையில் வைக்கக் கூடாது, பாறையிலேயே நின்று விழுங்கிவிட வேண்டும். இடுப்பில் ஏறி வந்த குழந்தைக்குக் கூறு கிடையாது, அது நடந்து ஏறுகிற வருஷம் வாங்கிக்கொள்ளட்டும். யாராவது சுமந்து கொண்டுவருவது எதுவோ, அது வேட்டை. அது கூறு வாங்காது, கூறாகும். அப்புறம் முயலின் வாலைத் தொட்டாலே கேஸ் என்று சட்டம் வந்தது, ஊரும் வலையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டது. ஆனாலும் வழக்கத்தைச் சுருட்ட முடியுமா? பொங்கலுக்குப் பொங்கல் மலையேறி, வழியில் தோண்டிய கிழங்கைப் பாறையில் போட்டு, அதே கத்தியால், அதே கணக்கில், நாய்க்கும் சேர்த்துக் கூறு போட்டுவிட்டு இறங்கினார்கள். கூறு போடுகிறவர் தீர்த்தன். அந்த வேலை அவர் அப்பனுக்கு இருந்தது, அதனால் இவருக்கும் இருந்தது.

இந்த ஊரில்தான் வெள்ளச்சி வாழ்க்கைப்பட்டு வந்தாள். மூக்குமேல் கோபம் உள்ளவள். அவள் புருஷன் ஆண்டியப்பன் ஒரு வார்த்தை பேசுவதற்குள் இவள் ஒன்பது பேசி முடித்து அடுப்பையும் பற்றவைத்துவிடுவாள். ஆனால் அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது, அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. அவளுடைய முதல் பிள்ளை மண்ணெண்ணெய் தீர்ந்துபோன ஒரு மாசி மாதத்தில் பிறந்தது. ஆண்டியப்பன் செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்து நின்றான், மருத்துவச்சி அங்கம்மா அந்த வெளிச்சத்தில் கைவேலை பார்த்தாள், தலை தெரிந்த நேரத்தில் செல்போன் அணைந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததை அங்கம்மாவின் விரல் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை. அதன் முகத்தைப் பெற்றவள் விடிந்த பிறகுதான் பார்த்தாள்.

"நோவு வந்து சாவல, நொடி வந்து சாவல. வெளிச்சம் இல்லாம செத்துச்சு எம் புள்ள" என்று அவள் கிணற்றடியிலும் சொன்னாள், கொல்லையிலும் சொன்னாள், ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடமும் சொன்னாள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் மரத்துக்கு ஆகாது, யானைக்கு ஆகாது என்று கீழேயிருந்து பதில் வந்தது. மரத்துக்கும் யானைக்கும் ஆகாதது நமக்கு மட்டும் எதற்கு என்று ஊரும் சும்மா இருந்துவிட்டது, வெள்ளச்சியைத் தவிர.

அவள் மறுபடி முழுகாமல் இருந்தபோதுதான், அந்தப் பழைய ஜமீன் வழியில் வந்த விஜயபூபதி என்பவர் கொட்டாயைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டு வந்து சேர்ந்தார். அடிவாரத்தில் அவருக்கு ஒரு ரிசார்ட் இருந்தது. 'ராஜ வேட்டை அனுபவம்' என்று போர்டு. பட்டணத்து விருந்தாளிகள் தொப்பி போட்டுக்கொண்டு, சுடாத துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு, சிமெண்டில் செய்த புலிமேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், பிறகு ஒரு ராத்திரி கொட்டாயில் தங்குவார்கள். தங்குகிறவர்களுக்கு விளக்கு வேண்டும், சில்லென்று பீர் வேண்டும், செல்போனுக்குச் சார்ஜ் வேண்டும். ஆண்டியப்பனின் தம்பி ஒரு முயலுக்காகக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த அதே வருஷத்தில், வேட்டையாடுகிற மாதிரி நடிப்பவர்களுக்காக, வௌவால் மட்டும் குடியிருந்த வேட்டைக் கொட்டாய்க்குச் சோலார் வந்தது. எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்லுங்கள்.

கொட்டாய்க்கு ரோடு கிடையாது. அதனால் ஊரே சுமந்தது. சோலார் பலகைகளைப் போர்வையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார்கள். பேட்டரியைப் பன்றி கட்டித் தூக்குகிற மாதிரியே மூங்கிலில் கட்டி, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். இரும்புச் சட்டத்தை ஆளுக்கொரு காலாகப் பிரித்துக்கொண்டார்கள். தங்கச்சி முறையில் இருந்த பெண்கள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், வயிறு மேடிட்டிருந்த வெள்ளச்சி வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். எல்லோருக்கும் நடுவில், மூங்கில் கட்டிய பிரம்பு நாற்காலியில், குடை பிடித்தபடி விஜயபூபதி போனார். அவருக்கு மூட்டு வலி. தூக்கினவர்களுக்கும் மூட்டு இருந்தது, ஆனால் எருது நோவு காக்கைக்குத் தெரியுமா?

"சுமந்துட்டுப் போறதுதான் வேட்டைன்னு வழக்கம்" என்று தீர்த்தன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். "இதுல தேறுமா ஒரு கூறு?"

"கொழுப்பு மட்டும் தேறும் மாமா" என்றாள் வெள்ளச்சி. சுமை தூக்கினவர்கள் சிரிப்பை அடக்கியதில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது, பூபதி குடைக்குள்ளிருந்து அதட்டினார்.

சோலார் பூட்ட வந்தவன் ரபீக் என்கிற மெக்கானிக். வெளியூர்ப் பையன், ஆனாலும் தன் டூல்ஸ் பையைத் தானே தூக்கி நடந்து வந்தான். பாறையில் துளை போட்டுச் சட்டத்தை இறுக்கினான், பலகைகளைத் தெற்குப் பார்த்துச் சாய்த்து மாட்டினான், பேட்டரியைப் பின்னறையில் வைத்தான், அறைக்கு அறை பல்பு தொங்கவிட்டான். வெள்ளச்சி அவன் பக்கத்திலேயே குந்திக்கொண்டு வயரை அவிழ்த்துவிட்டபடி, இத்தனை பெரிய பலகை இல்லாமல், சுளகு அளவில் ஒன்று வைத்தால் ஒரு வீட்டுக்கு விளக்கு எரியுமா என்று கேட்டாள்.

"தாராளமா எரியும்க்கா" என்றான் ரபீக். "ராத்திரி முழுக்க எரியும். ஒரு ஆளே தூக்கிட்டு வந்துடலாம்."

அவள் நேரே பூபதியிடம் போய் நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "ஐயா, எனக்கு ஐப்பசிக் கடைசியில புள்ள பொறக்கும். முதப் புள்ள இருட்டுல போயிடுச்சு. சுளகு அளவு ஒரு பலகை குடுத்தீங்கன்னா போதும், நானே சுமந்துட்டு வந்துக்கறேன்."

பூபதி அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் இருட்டு பழக்கம்தானேம்மா" என்றார். கெட்ட எண்ணத்தில்கூடச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். சூரியன் தலைக்குமேல் யாரையும் கேட்காமல் கொட்டிக்கொண்டிருந்தது, அதற்கு நடுவில் இவர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் பூட்டி முடித்த அன்று, பேட்டரி நாளெல்லாம் வெயிலைக் குடித்து நிறைந்தபின், பொழுது சாயும் நேரத்தில் ரபீக் சுவிட்சைத் தட்டினான். வெளிச்சம் அறைகளை நிறைத்து, கதவு வழியாக வழிந்து, கூறுப்பாறைமேல் வந்து படுத்துக்கொண்டது. பூபதி கை தட்டினார். ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, மறுநாள் விருந்தாளிகள் வருவதால் எல்லோரும் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்றார். யாரும் இறங்கவில்லை. தீர்த்தன் தேக்கிலைகளைப் பறித்துக்கொண்டு வந்து பாறை ஓரத்தில் வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா அது?"

"கூறு போடணுங்க. இந்தக் கொட்டாய்க்குச் சுமந்துட்டு வந்தது எதுவும் கூறு போடாம இருக்கறதில்லீங்க."

"கூலிதான் வாங்கியாச்சே?"

"கூலி தோளுக்குங்க. கூறு காலுக்கு."

பூபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெளிச்சத்தைக் கூறு போடப்போறியா? போட்டுக்கோ, தாராளமா போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, செல்போனுக்குச் சிக்னல் தேடிக்கொண்டு பாறையின் அந்தப் பக்கம் போய்விட்டார்.

தீர்த்தன் குனிந்து, பாறைமேல் கிடந்த வெளிச்சத்தில் கத்தியை வைத்து இழுத்தார். அறுந்தது. சேனைக்கிழங்குத் துண்டு கனத்தில், ஓரம் கொஞ்சம் நெகிழ்ந்து, கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்தப் பாறையில் அந்தக் கத்தி வைத்தால் எதுவும் அறும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதானே. நீளவாக்கில் அறுப்பதா குறுக்குவாக்கில் அறுப்பதா என்பதில்தான் கொஞ்சம் பேச்சு ஓடியது. "சின்னச் சின்னதா போடுய்யா, நாய்க்குப் பத்தாமப் போயிடப்போவுது" என்றாள் அங்கம்மா. வலைக்கூறு யாருக்கு என்று தகராறு வந்து, வலை மாதிரியே சுருட்டிக்கொண்டு வந்தது வயர்தான் என்று முடிவாகி, அந்தக் கூறு வெள்ளச்சிக்குப் போயிற்று. ரபீக் மீட்டரை வைத்துப் பார்த்தான், வோல்ட்டேஜ் சரியாக இருக்கிறது என்றான், அவனும் நடந்து வந்தவன் என்பதால் அவனுக்கும் ஒரு கூறு கிடைத்தது, இலையோடு மடித்து டூல்ஸ் பையில் வைத்துக்கொண்டான்.

கடைசியில் தீர்த்தன் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்து, "வயித்துக்கு" என்று சொல்லி நீட்டினார். வெள்ளச்சி அதைக் கீழே விடாமல் இரண்டு கையாலும் வாங்கி, பாறையிலேயே நின்று விழுங்கினாள். வெயிலில் காய்ந்த துணியின் வாசம் அடித்தது. தொண்டையில் இறங்கும்போது சுட்டது, வயிற்றுக்குள் போனதும் பிள்ளை ஒருமுறை நன்றாகப் புரண்டு படுத்தது. அவளுக்கு ஏனோ அழுகை வந்தது. யாரும் பார்ப்பதற்குள் பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து கொட்டாய்க்குத் தண்ணீர் சுமக்கவும் பாத்திரம் தேய்க்கவும் போனவர்கள் பொழுது சாயக் கூறு வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள், ஊருக்கு வெளிச்சம் வந்து பழகியது. பழகுவது லேசாக இல்லை. இலையில் மடித்த வெளிச்சம் மறுநாள் நமத்துவிடும் என்று முதலில் யாருக்கும் தெரியாது. பிறகு ஒருத்தி உப்புக்கண்டம் போடுகிற மாதிரி அதைக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்துப் பார்த்தாள். அப்படி வைத்தால் எத்தனை நாளானாலும் கெடவில்லை, வேண்டும்போது ஒரு துண்டைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் வீடு முழுக்க விடிந்தது. சேவல்கள் கண்ட நேரத்தில் கூவித் தொண்டை கட்டிப் போயின. பூனைகள் கூரை எரவாணத்தில் தொங்கிய கயிறுகளுக்குக் கீழே தவம் கிடந்தன. நாய்கள் தங்கள் கூறைத் தின்னாமல் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவைத்தன, அதனால் கத்தரிச் செடிகளுக்கு அடியில் மண் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

மாமியார் மருமகள்கள் ஒருவர் சமைப்பதை ஒருவர் கண்ணால் பார்த்ததில் புதுச் சண்டைகள் வந்தன. வருஷக்கணக்காகச் சேர்ந்து வாழ்ந்த புருஷனும் பெண்சாதியும் ராச்சோற்றின்போது முகத்தை முகம் பார்த்து, நரை கண்டு, வெட்கப்பட்டு, ஒன்றிரண்டு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். படிக்கிற பிள்ளைகள் படித்தன, படிக்காத பிள்ளைகள் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று சாக்குச் சொல்லின. பண்டிகைக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள் முறுக்கோடு ரெண்டு கீற்று வெளிச்சமும் எடுத்துக்கொண்டு போனார்கள். வெள்ளச்சி மட்டும் தன் கூறில் ஒரு கிள்ளுகூடச் செலவழிக்கவில்லை. எல்லாவற்றையும் உப்பிட்டு, காயவைத்து, கோத்து, பிரசவம் பார்க்கப்போகிற மூலைக்கு நேர்மேலே தொங்கவிட்டாள். ஐப்பசி மழையில் சூரியன் தலைகாட்டாது, அப்போது கொட்டாயிலும் கூறு கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

"ஒரு கீத்து எடேன், வெந்துச்சா இல்லையான்னு பாக்கலாம்" என்று சோற்றுப் பானையைக் காட்டி ஆண்டியப்பன் கேட்டான்.

"வாயில போட்டுப் பாரு, தெரியும்" என்றாள் அவள்.

கொட்டாய்க்கும் ஒரு கூறு வழக்கப்படி விட்டுத்தான் வந்தார்கள், ஆனால் ஒரு கூறு ஒரு கூறுதானே. விருந்தாளிகள் இருட்டில் சிமெண்டுப் புலிமேல் இடறி விழுந்தார்கள், பீர் சூடாக இருக்கிறது என்று சண்டை போட்டார்கள். பூபதி கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினார். அப்புறம் ஒரு சாயங்காலம் ரிசார்ட் மாடியில் நின்றவர், மலைச்சரிவில் கொழிஞ்சிக்காடு திருவிழாக் கடைத்தெரு போல ஜொலிப்பதைப் பார்த்துவிட்டார்.

மறுநாளே அவருடைய காவலாட்கள் கோணிப்பைகளோடு வந்து இறங்கினார்கள். வீடு வீடாகப் புகுந்து எரவாணத்துக் கயிறுகளை அறுத்தார்கள். உறியை உருட்டினார்கள், அடுக்குப்பானையைக் கவிழ்த்தார்கள், கத்தரிச் செடிகளைப் பிடுங்கி நாயின் கூறைக்கூடத் தோண்டி எடுத்தார்கள். நாயின் கூறை! எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது போல இரண்டொருவர் வெல்லத்தையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்கள். பின்னாலேயே நாற்காலியில் பூபதி வந்தார்.

"நீங்கதானுங்களே தாராளமா போட்டுக்கோன்னு சொன்னீங்க" என்றார் தீர்த்தன்.

"அது வெளாட்டுக்குச் சொன்னது. அந்தப் பலகை என்னுது. அதுல வர்றதும் என்னுது."

வெள்ளச்சி வீட்டு வாசலில் காலை அகட்டி நின்றுகொண்டாள். நிறைமாதம். காவலாள் அவளைத் தொடப் பயந்து, கூரைப் பக்கமாகக் கையை விட்டு ஓலையைப் பிரித்துக் கயிற்றை இழுத்தான். அவள் சேர்த்துவைத்த வெளிச்சம் அத்தனையும் கோணிக்குள் போயிற்று. "வலைக்கூறு சரி. இவளுக்கு இன்னொன்னு குடுத்ததாச் சொன்னாங்களே, வயித்துக்கூறோ என்னவோ, அது எங்க?" என்றான் காவலாள்.

"வயித்துல" என்றாள் வெள்ளச்சி.

காவலாள் பூபதியைப் பார்த்தான். பூபதி அந்த வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக்கடியில் செல்போன் எரிகிற மாதிரி, புடவைக்குள் லேசாக ஒரு மஞ்சள் தெரிந்தது. "பொறக்கட்டும், அப்புறம் வந்து வாங்கிக்கறேன்" என்றார்.

வெளிச்சத்தை அறுத்தபோது ஆச்சரியப்படாத ஊர் அன்றைக்குத்தான் ஆச்சரியப்பட்டது, ஒரு மனுஷன் இப்படியும் பேசுவானா என்று.

ஐப்பசி மழை பிடித்தது. பகலா ராவா என்று தெரியாதபடி மேகம் கூரைவரை இறங்கியது. ஓடையில் வெள்ளம் போனதால் டோலி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கவும் வழியில்லை. ஒரு மத்தியானம், வலி கண்டு வெள்ளச்சி மூலையில் படுத்தபோது, வீட்டுக்குள் அடுப்பு வாய்கூடத் தெரியாத இருட்டு. ஈர விறகு புகைந்தது, எரியவில்லை. ஆண்டியப்பன் செல்போனை எடுத்தான். அதில் சார்ஜ் இல்லை. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, போன தடவை நின்ற அதே இடத்தில், அதே மாதிரி நின்றான்.

"வெளிய போ" என்று கத்தினாள் வெள்ளச்சி. "அத்தே, எனக்கு பயமா இருக்கு."

அங்கம்மாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. போன பிள்ளை அவள் கையில்தான் போயிற்று. வெள்ளச்சி அதைச் சொல்லி ஒருநாளும் அவளைக் குத்தியதில்லை, ஆனாலும் அந்த மாசி மாதத்துக்குப் பிறகு அங்கம்மா தன் கையை நம்பியதில்லை. "முக்கு ஆத்தா" என்றாள். வெள்ளச்சி முக்கினாள். அப்போது அவள் அடிவயிற்றில் கிடந்த மஞ்சள் மெல்ல இறங்கிவந்தது. முதலில் அங்கம்மாவின் விரல்கள் தெரிந்தன, பிறகு நகத்து அழுக்குத் தெரிந்தது, பிறகு தலை, தலைமுடி, கழுத்து, கழுத்தில் இரண்டு சுற்றாகக் கிடந்த கொடி. பட்டப்பகலில் பூக்கட்டுகிற மாதிரி அங்கம்மா நிதானமாக விரலைக் கொடுத்து ஒரு சுற்றை எடுத்தாள், இன்னொரு சுற்றை எடுத்தாள். பிள்ளை வெளியே வந்து, மூச்சிழுத்து, வீறிட்டு அழுதது. அழுத வாய்க்குள்ளிருந்து வந்த வெளிச்சத்தில் வெள்ளச்சி அதன் முகத்தைப் பார்த்தாள். பொம்பளைப் பிள்ளை. "பாத்துட்டேன் அத்தே, மொகத்தப் பாத்துட்டேன்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அங்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் பூபதி வந்தார். சொன்ன சொல் தவறாதவர்! சேறு மிதிக்காமல், நாலு காவலாட்கள் தூக்கிய நாற்காலியில் வந்து, வெள்ளச்சியின் வாசலில் இறக்கச் சொன்னார். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, பட்டணத்திலிருந்து டாக்டரைக் கூட்டிவருகிறேன், என் பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஊர் கூடி நின்றது. தீர்த்தன் மட்டும் தேக்கிலைகளை எடுத்து நாற்காலியைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பரப்பிவிட்டு, குத்துக்கால் இட்டு உட்கார்ந்து கத்தியைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தார். ஊர் நாய்கள் எல்லாம் வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

"என்ன பண்ற?"

"வழக்கங்க. சுமந்துட்டு வந்ததை எறக்கினா கூறு போட்டாவணும். தலைக்கறி யாருக்குன்னுதான் யோசிக்கறேன்."

பூபதி சிரிக்கப் பார்த்தார். வெளிச்சத்தை அறுத்த கத்தி அது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது. தூக்கி வந்த காவலாட்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். அவர்களில் ஒருவன், தானும் நடந்துதானே வந்தேன், எனக்கும் கூறு உண்டா என்று மெதுவாக விசாரித்தான். அதைக் கேட்டதும் பூபதி நாற்காலியிலிருந்து சேற்றில் குதித்தார். ஒரு செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது.

வெள்ளச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பச்சை உடம்பு, நிற்கக்கூடத் தெம்பில்லை, ஆனால் குரல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டது. "எங்களுக்கெல்லாம் இருட்டு பழக்கம்னு சொன்னியே. எம் மொதப் புள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லய்யா, அதான் செத்துப்போச்சு. சூரியனுக்கு நீயா எண்ணெ ஊத்தற? பலகையச் சுமந்தது நாங்க. பேட்டரியச் சுமந்தது நாங்க. உன்னைச் சுமந்ததும் நாங்க. இப்ப எம் புள்ளைகிட்ட வந்து பங்கு கேக்கற. பங்கு வேணுமா? வழக்கம் இருக்கு, நான் இல்லைங்கல. புடுங்கிட்டுப் போன மூட்டையெல்லாம் உன் தலையில நீயே வச்சிக்கிட்டு, உன் கால்ல நீயே நடந்து, கூறுப்பாறைக்கு ஏறி வா. வந்தா உனக்கும் ஒரு கூறு உண்டு. நாய்க்கு எவ்வளவோ, உனக்கும் அவ்வளவு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

பூபதி ஒற்றைச் செருப்போடு நடந்து இறங்கினார். நாற்காலி அவருக்குப் பின்னால் காலியாக வந்தது.

அதற்குப் பிறகு அவர் ஊர்ப்பக்கம் வரவில்லை. சுமக்க ஆளில்லாமல் விருந்தாளிகளும் நின்றுபோனார்கள், பலகைகளைக் கழற்றி இறக்கவும் ஆள் கிடைக்கவில்லை, முன்பு ஜமீன்தார்கள் போனபின் ஆனது போலக் கொட்டாய் ஊருக்குத் திரும்பியது. ரிசார்ட் கிடங்கில் கோணிப்பைகள் இன்னும் கிடக்கின்றன, உப்பிட்டது கெடாது அல்லவா, ராத்திரியில் பஸ்ஸில் போகிறவர்கள் கிடங்குச் சுவரின் விரிசல்களில் வெளிச்சம் கசிவதைப் பார்க்கிறார்கள். பிள்ளைக்குப் பொன்னுருவி என்று பேர் வைத்தார்கள். கொஞ்ச காலம் அழும்போது மட்டும் கன்னத்துக்கடியில் மஞ்சள் தெரிந்தது, பல் முளைத்ததும் அதுவும் போய், மற்றப் பிள்ளைகள் மாதிரி மண்ணைத் தின்றுகொண்டு திரிந்தது.

பொன்னுருவி தன் காலில் மலையேறிய வருஷம், வழியில் யார் தூக்கக் கை நீட்டினாலும் தட்டிவிட்டு, முட்டி இரண்டும் சிராய்த்து, மூக்கு ஒழுக, கூறுப்பாறைக்கு வந்து நின்றாள். தீர்த்தன் அவளுக்கென்று ஒரு கூறு அறுத்து இலையில் வைத்தார். அவள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பாறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் எடுத்துக்கொண்ட பின்னும் ஓரத்தில் ஓர் இலையில், நாய்க்கு வைத்த அளவிலேயே, ஒரு கூறு மீந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அது அங்கே மீந்திருக்கும். தீர்த்தன் தவறாமல் அதை அறுத்துவைப்பார், யாரும் தொடமாட்டார்கள், நாய்கூட முகர்ந்துவிட்டு விலகிப் போகும், விடிந்தால் நமத்துப் பாறையோடு போய்விடும். அந்த இலையைக் கடக்கும்போதெல்லாம் வெள்ளச்சிக்கு இன்றைக்கும் பல் கடிக்கிறது, ஆனாலும் வைக்க வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"அது யாருதும்மா?" என்று கேட்டாள் பொன்னுருவி.

"ஒரு ஆளுது."

"ஏன் எடுத்துக்கல?"

"இன்னும் நடக்கப் பழகல" என்றாள் வெள்ளச்சி, மகளின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு.

பொன்னுருவி சிராய்த்த தன் முட்டியைக் குனிந்து பார்த்தாள், அந்த இலையைப் பார்த்தாள். "அவ்ளோ சின்னப் புள்ளையாம்மா?" என்று கேட்டாள்.